தலைக்காயத்துக்குப் பிறகு சொல் கிடைக்காமல் நிற்பது: என்ன பயிற்சி, எவ்வளவு நேரம், எங்கே தவறுகிறது?

மலைக்காப்பி (ஏற்காடு)

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க சித்தப்பாவுக்காகக் கேட்கிறேன். வயது 44, காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. மலைப்பாதையில் பைக்கில் இருந்து விழுந்து இடது பொட்டுப் பக்கம் அடி. ஸ்கேனில் இடது டெம்போரல் (பொட்டுப்பக்க மூளை) பகுதியில் கன்டூஷன், அதாவது மூளை கன்றிய காயம், என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் இல்லை. நாலு மாதம் ஆகிறது. நடக்கிறார், சொன்னது புரிகிறது, பேச்சும் கடகடவென்று வருகிறது. பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறார். "அத எடுப்பா, அந்த இது, மரத்துல சாத்தி ஏறுவமே" என்பார். ஏணி என்ற சொல் வராது. மகளை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு அவரே தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

கடையில் படக் கார்டு வாங்கி தினமும் கேட்கிறோம். முன்னேற்றம் தெரியவில்லை. எப்படிச் செய்ய வேண்டும், எவ்வளவு நேரம்?

சொல்தேடி (சேலம், பேச்சு-மொழிப் பயிற்சியாளர்)

கார்டை இரண்டு நாள் ஓரமாக வையுங்கள். வெளியே எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும், சொல் வரவில்லை என்று. உள்ளே பழுதான இடம் ஆளுக்கு ஆள் வேறு. அதைக் கண்டுபிடிக்காமல் தொடங்கும் பயிற்சி பெரும்பாலும் வீண்.

ஒரு பொருளைப் பார்த்துப் பெயர் சொல்ல மூளை மூன்று வேலை செய்கிறது. இது என்ன பொருள் என்று அறிய வேண்டும். அதற்குரிய சொல்லின் ஓசை வடிவத்தை எடுக்க வேண்டும். அந்த ஓசைகளை வரிசையாகக் கோத்து வாய்க்கு அனுப்ப வேண்டும். இந்த மூன்றில் எது தடைப்பட்டிருக்கிறது என்று பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முறையான மதிப்பீட்டுக்கு இது ஈடாகாது, ஆனால் திசை தெரியும்.

அவர் அடிக்கடி கையாளும் 20 பொருள்களை எடுங்கள். முதலில் ஒவ்வொன்றையும் காட்டிப் பெயர் கேளுங்கள். 15 விநாடி வரை வாயே திறக்காமல் காத்திருங்கள். சொல்லாதவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சொல்லாத ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு படம் வைத்து "ஏணி எது, காட்டுங்க" என்று கேளுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று உறவாக இருக்க வேண்டும்: ஏணி, படிக்கட்டு, கயிறு, கொம்பு. ஏணிக்குப் பக்கத்தில் யானையையும் தோசையையும் வைத்தால் யாரும் சரியாகக் காட்டிவிடுவார்கள், அதிலிருந்து எதுவும் தெரியாது. மூன்றாவதாக முதல் ஓசையை மட்டும் கொடுங்கள், "ஏ...". கடைசியாக முழுச் சொல்லையும் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

உறவான படங்களில் தடுமாறினால் பொருளறிவிலேயே தொய்வு இருக்கிறது. படத்தைச் சரியாகக் காட்டுகிறார், முதல் ஓசை கொடுத்ததும் சொல் விழுகிறது என்றால் பொருள் பத்திரம். ஓசை வடிவத்தை எட்டும் வழி அடைத்திருக்கிறது. திருப்பிச் சொல்லும்போதும் "ஏலி", "ஏடி" என்று ஓசை மாறினால் கோப்பதில் சிக்கல். இந்தக் கடைசி வகையில் நாக்கு, உதட்டு அசைவைத் திட்டமிடும் பகுதியும் பாதித்திருக்கலாம், அதை நேரில்தான் பார்க்க வேண்டும்.

சோதிக்கும் முன் கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது கேட்கிறதா என்று பாருங்கள். டெம்போரல் பகுதி வழியாகப் பார்வை நரம்பு இழைகளும் போகின்றன. இடப்பக்க அடியில் வலது மேல்மூலைப் பார்வை மட்டும் போயிருக்கக்கூடும். படம் தெரியாமல் விழிப்பதை நாம் சொல் வரவில்லை என்று எழுதிவிடுவோம். கார்டைக் கொஞ்சம் இடப்பக்கமாகவும் தாழ்வாகவும் வைத்துக் காட்டுங்கள்.

கவனப்பயிற்சி (சேலம், நரம்பு உளவியல்)

சொல்தேடி மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். விபத்தில் அடிபட்ட மூளையும் பக்கவாதம் வந்த மூளையும் ஒரே மாதிரி இல்லை. பக்கவாதத்தில் ஒரு ரத்தக்குழாயின் எல்லைக்குள் சேதம் நிற்கும். பைக் விபத்தில் தலை சட்டென்று நிற்க, உள்ளே மூளை முன்னும் பின்னும் மோதுகிறது. மண்டையோட்டின் முன்பக்க, பொட்டுப்பக்க எலும்பு மேடுகளில் உரசி நெற்றிப் பகுதியும் டெம்போரல் நுனியும் கன்றிப்போகும். நரம்பு இழைகள் முறுக்கி இழுபட்டு ஆங்காங்கே அறும், அது சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகும். ஆகவே சொல் தடுமாற்றத்தோடு கவனம் சிதறுவது, புது விஷயம் நினைவில் நிற்காதது, வேகம் குறைவது எல்லாம் சேர்ந்தே வரும்.

இதற்கு ஓர் எளிய அடையாளம். படம் காட்டினால் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார், ஆனால் நாலு பேர் இருக்கும் இடத்தில், டி.வி. ஓடும்போது, அவசரத்தில் சொல் வரவில்லை என்றால் சொற்கிடங்கு நன்றாக இருக்கிறது, தேடுகிற ஒழுங்குதான் குலைந்திருக்கிறது. ஒரு நிமிடத்தில் தெரிந்த காய்கறிப் பெயரெல்லாம் சொல்லச் சொல்லுங்கள். நல்ல நிலையில் இருப்பவர் கிழங்குகளைச் சேர்த்து, கொடிக்காய்களைச் சேர்த்து, கீரைக்குத் தாவுவார். தேடல் குலைந்தவர் "கத்தரிக்கா, தக்காளி" என்று தொடங்கி நின்று, மறுபடி கத்தரிக்காய்க்கே வருவார்.

இவர்களுக்குப் படக் கார்டைவிடத் தேடும் பாதையைப் பழக்குவது பலன் தரும். சூரமங்கலம் உழவர் சந்தைக்குள் நுழைவதாக நினைக்கச் சொல்லுங்கள். முதல் வரிசையில் என்ன குவித்திருக்கும், கீழே சாக்கில் என்ன, கட்டுக் கட்டாக என்ன? ஒரு வரிசை தீர்ந்த பிறகுதான் அடுத்தது. முதலில் பயிற்சி தருபவர் கேட்பார். பிறகு அவரே "அடுத்து கீரை வரிசை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பழக வேண்டும். அதுதான் இலக்கு.

மலைக்காப்பி

நன்றிங்க, இன்று செய்து பார்த்தோம். 20-ல் தானாகச் சொன்னது 8. மீதி 12-ல் படத்தைச் சரியாகக் காட்டியது 11. கத்தியையும் அரிவாளையும் மட்டும் மாற்றினார். முதல் ஓசை கொடுத்ததும் வந்தது 7. திருப்பிச் சொல்வதில் தவறே இல்லை. காய்கறி ஒரு நிமிடத்தில் 6, அதில் ஒன்று இரண்டு தடவை.

சொல்தேடி

அருமையாகக் குறித்திருக்கிறீர்கள். பொருளறிவு பெரும்பாலும் பத்திரம். ஓசை வடிவத்தை எட்டுவதில் முக்கியமான தடை, தேடலிலும் கொஞ்சம் தளர்வு. இதற்கு ஏற்ற பயிற்சி இருக்கிறது.

முதலில் சொல் பட்டியல். கடைக் கார்டில் வரிக்குதிரை, ஹெலிகாப்டர், அன்னாசி என்றிருக்கும். உங்கள் சித்தப்பாவுக்கு நாளைக்குக் காலையில் வேண்டிய சொற்கள் ஏணி, சாக்கு, களம், கவாத்துக் கத்தி, மிளகு, மேஸ்திரிச் சிட்டை, ரெயின்கோட், மாத்திரை, மகளின் பெயர். மொத்தம் 36 சொல் தேர்ந்தெடுத்து, அந்தந்தப் பொருளைச் செல்போனில் நீங்களே படம் எடுங்கள், பின்னால் குப்பை கூளம் தெரியாமல். வேறு வேறு மூன்று நாளில், உதவி எதுவும் இல்லாமல், 36-க்கும் பெயர் கேட்டுக் குறியுங்கள். மூன்று நாளும் தானாக வந்த சொல்லை எடுத்துவிடுங்கள். மீதியில் 12 சொல் முதல் தொகுதி. இன்னொரு 12 சொல்லை வேண்டுமென்றே பயிற்சியே கொடுக்காமல் வையுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டு தொகுதியையும் சோதித்தால், ஏறியது பயிற்சியாலா, காயம் தானாக ஆறியதாலா என்று தெரியும். முதல் சில மாதங்களில் இயற்கையாகவே முன்னேற்றம் வரும் காலம் என்பதால் இந்த ஒப்பீடு அவசியம்.

இனி ஒரு சொல்லை எப்படி நடத்துவது என்று பாருங்கள். படம்: ஏணி. பெரிய தாளில் நடுவில் படத்தை ஒட்டி, சுற்றி ஆறு கட்டம் போடுங்கள். எந்த இனம், எதற்குப் பயன், என்ன செய்யும், எப்படி இருக்கும், எங்கே இருக்கும், இதைப் பார்த்ததும் வேறு என்ன ஞாபகம் வருகிறது.

"இது என்னங்க சித்தப்பா?"
"அது... ஏறுறது. அட."
"சரி, இது எந்த வகைச் சாமான்?"
"தோட்டத்துச் சாமான்."
"எதுக்கு?"
"மிளகு பறிக்க. சில்வர் ஓக் மேல சாத்தி."
"எப்படி இருக்கும்?"
"மூங்கில். ஒத்தக் கால்."
"எங்க இருக்கும்?"
"கொட்டாயில."
"பாத்தா என்ன ஞாபகம்?"
"வழுக்கும். மழையில."

ஒவ்வொரு பதிலையும் அந்தந்தக் கட்டத்தில் எழுதுங்கள். நடுவிலேயே சொல் வந்துவிட்டாலும் நிறுத்தாமல் ஆறு கட்டத்தையும் முடியுங்கள். வராவிட்டால் இப்போது ஓசை உதவி: "ஏ". பிறகும் வராவிட்டால் நீங்கள் சொல்லி அவர் திருப்பிச் சொல்லட்டும். சொல் வந்ததும் அதை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வைத்து, பிறகுதான் அடுத்த படம். ஒரு சொல்லுக்கு 3 முதல் 5 நிமிடம் ஆகும்.

இந்த முறையை 1995-ல் பாயில், கோயெல்லோ என்ற ஆய்வாளர்கள் அஃபேசியா (மூளை பாதிப்பால் வரும் மொழிக் குறைபாடு) உள்ளவரிடம் முறைப்படி சோதித்து எழுதினார்கள். 2000-ல் தலைக்காயத்தால் அஃபேசியா வந்த ஒருவரிடமும் செய்து பார்த்திருக்கிறார்கள். இதன் பெரிய லாபம், நாளைக்கு நாம் பக்கத்தில் இல்லாதபோதும் அவர் தானே அந்த ஆறு கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். சொல் வராவிட்டாலும் "மூங்கில்ல செஞ்சது, மிளகு பறிக்கச் சாத்துவம்" என்று சொன்னால் எதிரே நிற்பவருக்குப் புரிந்துவிடும்.

நாவும்செவியும் (நாமக்கல், பேச்சு-மொழிப் பயிற்சியாளர்)

முறையில் கருத்து வேறுபாடு இல்லை, ஆனால் இவருக்கு ஓசைவழிப் பயிற்சியை முன்னால் கொண்டு வர வேண்டும் என்பேன். முதல் ஓசைக்கு 12-ல் 7 விழுகிறது என்றால் கதவு அந்தப் பக்கம்தான். 2008-ல் லெனார்டும் ரோச்சனும் சகாக்களும் எழுதிய முறை ஆறு கட்டத்துக்குப் பதில் ஐந்து ஓசைக் கேள்வி கேட்கும். தமிழுக்கு இப்படி அமைத்துக்கொள்ளலாம். படம் கூடை என்றால்: முதல் எழுத்து என்ன, கூ. கூ-வில் தொடங்கும் இன்னொரு சொல், கூரை. இதோடு ஓசை ஒத்து வரும் சொல், மேடை, ஓடை. முடிவில் என்ன ஓசை, டை. எத்தனை தட்டு, மேசையில் தட்டிக் காட்டுங்க, இரண்டு. பதில் தெரியாவிட்டால் மூன்று விடை சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.

முதல் ஓசை உதவியில் ஒரு பொறி உண்டு. ஏற்காட்டுப் பட்டியலில் மிளகும் மிளகாயும் இருக்கும். "மி" என்று கொடுத்தாலும் "மிள" என்று கொடுத்தாலும் இரண்டுமே வரும், பெரும்பாலும் வீட்டில் அதிகம் புழங்கும் மிளகாய்தான் முந்தும். ஒரு முறை தவறாக வந்த சொல் மறுமுறையும் அதே வழியில் வந்து ஊறிவிடும். இரண்டையும் ஒரே தொகுதியில் வைக்காதீர்கள். ஓசை கொடுக்கும் முன் "கொடியில காய்க்கிறது, கறுப்பா காய வைப்பம்" என்று பொருளையும் சேர்த்துக் கொடுங்கள். கத்தி, கதவு, கயிறு, களம் எல்லாம் ஒரே தொகுதியில் விழுவதும் இதே போல் தொல்லை.

வாக்கியம் பாதியில் விட்டு முடிக்கச் சொல்லும் உதவியிலும் பலர் தவறுகிறார்கள். "மரத்துல ஏற... சாத்துவம்" என்று நடுவில் இடைவெளி விட்டால் கேட்பவருக்கு முழு வாக்கியமும் வந்த பிறகு பின்னால் போய்த் தேட வேண்டியிருக்கிறது, அது கவனம் குறைந்தவருக்குப் பாரம். தேடும் சொல்லைக் கடைசியில் நிறுத்துங்கள்: "மரத்துல ஏறச் சாத்துற...", "காப்பிப் பழம் காய வைக்கிற...". பயிற்சிச் சொல் வினையாக இருந்தால் இயல்பான வாக்கியமே போதும், வினை தானாகக் கடைசியில் நிற்கும்.

சொல்தேடி

மிளகு-மிளகாய் மிகச் சரி. ஓசைவழியை முன்னே வைப்பதையும் ஏற்கிறேன், ஆனால் ஆறு கட்டத்தை விட்டுவிட மாட்டேன். பயிற்சி கொடுத்த சொல்லைத் தாண்டி மற்ற சொற்களைத் தேடவும் பேச்சை நகர்த்தவும் அவர் கையில் இருக்கும் கருவி அதுதான். திங்கள், புதன், வெள்ளி ஓசை. செவ்வாய், வியாழன் பொருள் என்று பிரித்து நடத்துங்கள். சனிக்கிழமை சோதனை மட்டும், உதவி கூடாது.

கவனப்பயிற்சி

தவறவிட்டுத் திருத்துவதா, தவறே வராமல் பார்த்துக்கொள்வதா என்ற கேள்வியையும் இங்கேயே பேசிவிடலாம். நினைவாற்றல் ஓரளவு நன்றாக இருப்பவருக்கு முயன்று தேடுவது நல்லது. பெயர் சொல்லும் பயிற்சியில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் காலையில் நடந்தது மாலையில் நினைவில்லாத நிலை என்றால் அவர் சொன்ன தவறும் சரியும் ஒரே மாதிரி பதியும். திருத்தியது மறந்து தவறு மட்டும் தங்கும். அவர்களிடம் "என்ன இது?" என்று கேட்டு யூகிக்க விடாதீர்கள். "இது சாக்கு. சொல்லுங்க, சாக்கு" என்று முதலிலேயே கொடுத்து, 15 விநாடி கழித்துக் கேளுங்கள். வந்தால் 30 விநாடி, 1 நிமிடம், 2, 4, 8 நிமிடம் என்று இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். வராவிட்டால் உடனே சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். இடையில் சும்மா உட்கார வேண்டாம், சாக்கை மடிக்கலாம், பேசலாம்.

ஆட்களின் பெயருக்கு இந்த முறைதான் எனக்குத் தெரிந்து சிறந்தது. ஏணிக்குப் பயன், இடம், உருவம் என்று பிடித்துக்கொள்ள ஆறு பிடி இருக்கிறது. ஒருவர் பெயருக்கும் அவர் முகத்துக்கும் அப்படி ஒரு பிடியும் இல்லை. இடது டெம்போரல் நுனி அடிபட்டால் ஆட்பெயர்தான் முதலில் போகும். மகளை அக்கா என்பது பாசம் மறந்ததால் இல்லை. பெண், வீட்டு ஆள், நெருங்கியவர் என்பது வரை சரியாகப் போய், பக்கத்துச் சொல்லில் கை விழுந்துவிடுகிறது. இதைக் குழந்தைக்குக் கட்டாயம் சொல்லிப் புரியவையுங்கள்.

சிஸ்டர்_அம்மாபேட்டை (நரம்பியல் வார்டு செவிலியர்)

பயிற்சிக்கு முன்னும் நடுவிலும் பார்க்க வேண்டிய மருத்துவ விஷயங்கள்.

நேற்று வரை ஓரளவு வந்த பேச்சு இன்று திடீரென்று மோசமானால் அது சோம்பல் இல்லை. தலைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து தேங்குவது காயமாகி வாரங்கள் கழித்தும் வரும். வயதானவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் கூடுதல் ஆபத்து. தலைவலி கூடுவது, தூக்கக் கலக்கம், வாந்தி, ஒரு பக்கம் தளர்வது இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. சில விநாடிகள் முதல் ஓரிரு நிமிடம் வரை பேச்சு முழுதும் நின்று, வெறித்துப் பார்த்து, வாயைச் சப்புக்கொட்டினால் அது வலிப்பாக இருக்கலாம். முடிந்தால் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

வலிப்பு மாத்திரைகளில் டோபிரமேட் சொல் தடுமாற்றத்தையே பக்க விளைவாகத் தரக்கூடியது. ஃபீனோபார்பிட்டோன், தூக்க மாத்திரைகள் எல்லாம் மந்தமாக்கும். சீட்டில் இவை இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். தானாக நிறுத்தவே கூடாது, வலிப்பு தொடர்ச்சியாக வந்துவிடும். சோடியம், தைராய்டு, தூக்கம், மனச்சோர்வு நாலையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள். "மூளைக்கு டானிக்" என்று கேட்டு வாங்கும் மாத்திரைகளால் சொல் திரும்பி வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்தக் காசைப் பயிற்சிக்குச் செலவழிப்பதே மேல்.

வெள்ளிக்கொலுசு (சேவாப்பேட்டை)

இதே இழையில் கேட்கலாமா? அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம். வெள்ளிப் பட்டறை வைத்திருந்தார். வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ். இரண்டிலும் சொல் தடுமாறுகிறது. ஒரு மொழியை நிறுத்திவிடச் சொல்கிறார்கள். அதோடு, ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, இனி என்ன பயிற்சி என்றும் சொல்கிறார்கள்.

நாவும்செவியும்

இரண்டுமே சரியில்லை.

மொழியை நிறுத்த வேண்டாம். வீட்டில் அம்மாவோடும் பேரப்பிள்ளைகளோடும் பேசும் மொழியை எடுத்துவிட்டால் அவருக்குப் பேசப் பழகும் வாய்ப்பே பாதி போய்விடும். செய்ய வேண்டியது, ஒரே அமர்வில் கலக்காமல் இருப்பது. வீட்டுச் சொற்களை சௌராஷ்டிரத்தில் காலையிலும், தொழில் சொற்களான கம்பி, கொக்கி, சலங்கை, குறடு, தராசு இவற்றைத் தமிழில் மாலையிலும் வையுங்கள். தமிழில் கேட்டபோது சௌராஷ்டிரச் சொல் வந்தால் தவறு என்று சொல்லாதீர்கள். பொருள் சரியாகக் கிடைத்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டு, தமிழ்ச் சொல்லுக்கு ஓசை உதவி கொடுங்கள். மதிப்பீட்டை இரண்டு மொழியிலும் செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஒரு மொழி மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

காலம் பற்றி: முதல் மூன்று மாதத்தில் ஏற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதற்குப் பிறகு கதவு மூடிவிடுகிறது என்பது உண்மை இல்லை. 2017-ல் ஜெர்மனியில் ஆறு மாதத்துக்கு மேல் ஆன பக்கவாதக்காரர்களுக்கு வாரம் குறைந்தது 10 மணி நேரம், மூன்று வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பேச்சு மேம்பட்டது. வாரம் ஒரு முறை 45 நிமிடம் என்று இழுத்துக்கொண்டு போவது நாள்பட்ட ஆளுக்கும் போதாது, புது ஆளுக்கும் போதாது.

வெள்ளிக்கொலுசு

இன்னொன்று. கந்த சஷ்டி கவசம் முழுதும் தடையில்லாமல் சொல்கிறார், ஒன்று முதல் நூறு வரை எண்ணுகிறார். காப்பி என்று கேட்கத் தெரியவில்லை. வேண்டுமென்று செய்கிறாரோ என்று வீட்டில் கோபம்.

நாவும்செவியும்

வேண்டுமென்று செய்யவில்லை. மனப்பாடமாக ஊறிய வரிகள் ஒரே சங்கிலியாக வருகின்றன, நடுவில் ஒரு சொல்லையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. கவசத்தின் நடு வரியில் நிறுத்தி "இதுக்கு அடுத்த சொல் மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள், திணறுவார். காப்பி கேட்க நூற்றுக்கணக்கான சொற்களில் ஒன்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும். சங்கிலிப் பேச்சை அமர்வின் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் வாய் திறக்கப் பயன்படுத்துங்கள், மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள்.

கவனப்பயிற்சி

அளவு பற்றி மலைக்காப்பிக்கு. தலைக்காயக்காரருக்கு ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் கடைசி 30 நிமிடம் தவறுகளைப் பழக்குவதாகத்தான் முடியும். காலை, முற்பகல், மாலை என்று 20 நிமிடமாக மூன்று தடவை. கொட்டாவி, கண்ணைக் கசக்குவது, வந்துகொண்டிருந்த சொல்லே வராமல் போவது தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஏற்காட்டிலிருந்து சேலம் 30 கிலோமீட்டர்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. தலைச்சுற்றல் உள்ளவர் இறங்கி வந்ததும் நேராக அமர்வுக்குப் போனால் அன்றைய மதிப்பெண் எதையும் காட்டாது. கீழே வந்து சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்துவிட்டுப் போகட்டும். மாதம் இரண்டு முறை நேரில், மற்ற நாள் வீடியோ அழைப்பில் என்று பேசி முடிவு செய்யலாம். படங்களை முதல் நாளே அனுப்பி, வீட்டில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலையில் நெட் விட்டு விட்டு வரும்போது திரையில் படம் உறைந்து நின்றால் காத்திருந்தே அவர் களைத்துப்போவார்.

சொல்தேடி

கார்டில் சொல் வந்ததும் பேச்சில் வந்துவிடும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறோம். அது தானாக நடப்பதில்லை. 2019-ல் பிரிட்டனில் பெரிய ஆய்வு ஒன்று வந்தது: பக்கவாதத்துக்குப் பிறகு அஃபேசியா உள்ளவர்கள், தாங்களே தேர்ந்தெடுத்த 100 சொற்களை ஆறு மாதம் வீட்டில் கம்ப்யூட்டரில் பயின்றார்கள். பயின்ற சொல்லைப் படம் பார்த்துச் சொல்வது நன்றாகவே ஏறியது. உரையாடலில் மாற்றம் தெரியவில்லை. ஆகவே உரையாடலைத் தனியாகப் பயிற்ற வேண்டும்.

அதற்கு நான் வினைச்சொல்லில் தொடங்குவேன். ஒரு வினை எடுங்கள், "பறிக்கிறது". யார் பறிக்கிறாங்க, எதைப் பறிக்கிறாங்க? மூன்று ஜோடியாவது அவரிடமிருந்தே வர வேண்டும். ஆளுங்க மிளகு பறிக்கிறாங்க. பொண்ணு பூப் பறிக்குது. குரங்கு பழம் பறிக்குது. பிறகு அதில் ஒன்றை எடுத்து எங்கே, எப்போது, எதற்கு என்று விரியுங்கள். கடைசியில் "மழை மிளகு பறிக்குது, சரியா?" போன்ற நாலைந்து வாக்கியம் சொல்லி சரி-தவறு கேளுங்கள். ஒரு வினைக்கு 20 நிமிடம். நிறுக்கிறது, அளக்கிறது, கட்டுறது, வெட்டுறது, காய வைக்கிறது என்று மேஸ்திரி வேலையைச் சுற்றியே பத்து வினை கிடைக்கும்.

அடுத்தது குறுக்கு மறைப்பு. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து நடுவில் ஒரு அட்டையை நிறுத்துங்கள். இரண்டு பேரிடமும் ஒரே 12 படம். அவர் தன் கையில் உள்ள படத்தின் ஜோடியை எதிரே இருப்பவரிடம் சொல்லால் கேட்டு வாங்க வேண்டும். படம் கண்ணுக்குத் தெரியாததால் சுட்டிக் காட்ட வழியில்லை, சொல்லுக்கு உண்மையான தேவை வருகிறது. முதலில் "சாக்கு", பிறகு "கிழிஞ்ச சாக்கு", பிறகு "அந்தக் கிழிஞ்ச சாக்க எனக்குக் கொடு".

வீட்டார் பேச்சும் மாற வேண்டும். அவர் நின்றதும் மூன்று பேர் மூன்று சொல்லை எடுத்து வீசுவது மிகப் பெரிய கெடுதல். ஒவ்வொரு தவறான யூகமும் அவர் தேடிக்கொண்டிருந்த சொல்லை மறைக்கிறது. பத்து விநாடி விடுங்கள். பிறகு "எதுக்குப் பயன்படும்?" என்று ஒரே ஒரு கேள்வி. அதற்கும் வராவிட்டால் "சாக்கா, கூடையா?" என்று இரண்டில் ஒன்று. பஸ் ஸ்டாண்டிலோ மருந்துக் கடையிலோ இந்த அவகாசம் கிடைக்காது. அங்கே சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கட்டும்: "தலையில் அடிபட்டதால் சொல் மெதுவாக வரும். நீங்கள் சொல்வது புரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்." பின்பக்கம் போக வேண்டிய இடங்கள்: பழைய பஸ் ஸ்டாண்ட், புது பஸ் ஸ்டாண்ட், அஞ்சு ரோடு, அஸ்தம்பட்டி. பழையதும் புதியதும் மாறி வாயில் வருவது மிகச் சாதாரணம். விரலால் காட்டினால் போதும்.

சிஸ்டர்_அம்மாபேட்டை

காகித வேலை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு-மொழிக் குறைபாடும் இருக்கிறது, அதன் விளக்கத்திலேயே அஃபேசியா சொல்லப்பட்டிருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ நிரந்தரக் குறைபாடு என்று சான்று வந்தால் பல உதவிகளுக்கு வழி உண்டு. நடப்பதால் ஊனம் இல்லை என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, பேச்சு மதிப்பீட்டு அறிக்கை மூன்றையும் பத்திரமாக வையுங்கள். பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

மலைக்காப்பி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. 12 சொல் எடுத்துத் தொடங்கிவிட்டோம். ஒரு சந்தேகம்: ஒரு தடவை "சாக்கு" சரியாக வந்துவிட்டால், அடுத்த நாலு படத்துக்கும் "சாக்கு" என்றே சொல்கிறார். தவறு என்று அவருக்கே தெரிகிறது, ஆனாலும் நாக்கில் அதுதான் வருகிறது.

சொல்தேடி

முன் சொல் இன்னும் தணியாமல் மேலே நிற்கிறது. புதுச் சொல்லின் வலு குறைவு, அதனால் பழையது முந்துகிறது. வேகமாகக் கார்டு மாற்றினால் கூடும், களைத்தால் கூடும். "சாக்கு இல்லை" என்று சொல்லவே சொல்லாதீர்கள், மறுபடி அதே சொல்லைத்தான் அவர் காதில் போடுகிறீர்கள். கையை உயர்த்தி நிறுத்தி, படத்தைக் கவிழ்த்து வைத்து, ஐந்து முதல் பத்து விநாடி பேசாமல் இருங்கள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கட்டும். பிறகு அடுத்த படத்துக்கு முழுச் சொல்லையும் நீங்களே சொல்லி அவர் திருப்பிச் சொல்லட்டும், இரண்டு முறை. அதற்குப் பிறகு கேளுங்கள். சாக்குக்கு அடுத்துக் கூடையோ பையோ வராமல், இனத்திலும் ஓசையிலும் தூரமான மாத்திரை, ரெயின்கோட் போன்றவை வரும்படி படங்களை அடுக்கி வையுங்கள். அப்படியும் மூன்றாவது தடவை அதே சொல் வந்தால் அந்த வேளைப் பயிற்சியை நிறுத்திவிட்டு மாலையில் தொடருங்கள்.

சனிக்கிழமைச் சோதனையில் தொடர்ந்து இரண்டு வாரம் 12-ல் 10 தானாக வந்தால் அடுத்த 12-க்குப் போங்கள். முதல் தொகுதியை வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்ட சொல் நழுவும். மதிப்பெண் தாளை அடுத்த மாதம் இங்கே போடுங்கள், பயிற்சி கொடுக்காத 12-ன் மதிப்பெண்ணையும் சேர்த்து.